அட்சதை விழும் முதுகு

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். கல்யாண வீடுகளில் படம் எடுப்பதைப் பற்றி நீங்கள் எழுதிவரும் குறிப்புகளை என் பேத்தி போனில் காட்டினாள். ஒன்று விடாமல் படித்துவிட்டேன். 35 வருடம் வாத்தியார் வேலை பார்த்தவன் என்பதால் இரண்டு மூன்று இடங்களில் ஒற்றுப்பிழை கண்ணில் பட்டது. அதை விடுங்கள், நான் எழுத வந்தது வேறு.

போன வைகாசியில் கும்பகோணத்தில் என் தம்பி மகளுக்குக் கல்யாணம். நான் தூக்கி வளர்த்த குழந்தை. முழங்கால் தகராறு செய்வதால் மேடை ஏற முடியாது என்று முதல் வரிசையில் எனக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். விடியற்காலை ஐந்தரை மணிக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். ஏழு மணி தாண்டி ஐயர் கெட்டிமேளம் என்று குரல் கொடுத்தார். அந்த நேரம் பார்த்து எங்கிருந்தோ ஐந்து பேர் வந்து மணவறைக்கு முன்னால் சுவர் மாதிரி நின்றார்கள். என் கண்ணுக்கு நேரே ஒரு கறுப்பு பனியன். அதன் முதுகில் ஒரு பெயர், கீழே போன் நம்பர். அந்த நம்பர் எனக்கு இப்போது மனப்பாடம். எழுந்து நின்று பார்க்கலாம் என்றால், "பெரியவரே, உட்காருங்க, மறைக்குது" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மேளம் ஓய்ந்தபோது தாலி ஏறியிருந்தது. கையிலிருந்த அட்சதையை அந்தத் திசையில் வீசினேன். யார் மேல் விழுந்ததோ.

"அதான் ஸ்கிரீன்ல பெருசா காட்டினாங்களே பெரியப்பா" என்கிறான் தம்பி மகன். ஸ்கிரீனில் பார்ப்பதற்கு நான் ஏன் தஞ்சாவூரிலிருந்து பஸ் ஏற வேண்டும்?

என் கல்யாணம் 1975-ல், பெண் வீட்டு வாசலில் பந்தல் போட்டு நடந்தது. போட்டோக்காரர் ஒரே ஒருவர். எங்களோடு ஜமக்காளத்தில் உட்கார்ந்து, கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது போல ஒரு பெட்டிக்குள் குனிந்து பார்த்து 12 படம் எடுத்தார். பன்னிரண்டும் இன்றைக்கும் இருக்கின்றன. அவர் யாரையும் மறைத்தார் என்று ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. தம்பி மகள் கல்யாணத்தில் 4,000 படம் எடுத்தார்களாம். அத்தனையையும் வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? கல்யாணம் வந்தவர்களுக்கா, காமிராவுக்கா?

என் பெயர் போட வேண்டாம். அந்தப் பெண் படித்தால் வருத்தப்படுவாள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்
தஞ்சாவூர்

*

அன்புள்ள ஐயா,

உங்கள் அட்சதை யார் மேல் விழுந்தது என்று எனக்குத் தெரியும். அந்தக் கறுப்பு பனியன் மேல்.

அனுபவத்தில் சொல்கிறேன். முதல் வரிசையிலிருந்து வீசுகிற அட்சதையில் பாதி மணவறை வரை போவதில்லை, நடுவில் நிற்கிற எங்கள் முதுகோடு நின்றுவிடும். முகூர்த்தம் முடிந்து வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றினால் காலருக்குள்ளிருந்து மஞ்சள் அரிசி கொட்டும். வெள்ளைச் சட்டை போட்ட காலத்தில் முதுகுப் பக்கம் மஞ்சள் கறை போகவே போகாது. "ஊரார் பிள்ளைகளுக்குப் போக வேண்டிய ஆசீர்வாதம் எல்லாம் உங்க முதுகுலதான் ஊறிக் கிடக்கு" என்பாள் என் மனைவி. வெளிச்சம் பட்டு எதிரொளிக்காது என்பதால் கறுப்புக்கு மாறினோம் என்று வெளியே சொல்லிக்கொள்வோம். கறை தெரியாது என்பதும் ஒரு காரணம். கல்யாண வீட்டில் கறுப்பா என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள், அதையும் வாங்கிக் கட்டிக்கொள்கிறோம்.

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அந்த 12 பட மனிதர் ஏன் உட்கார்ந்தார், நாங்கள் ஏன் நிற்கிறோம் என்பதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அவருக்குப் பணிவு இருந்தது, எங்களுக்கு இல்லை என்பதோடு அது முடிந்துவிடாது.

அவர் கையில் இருந்தது யாஷிகா போன்ற இரட்டை லென்ஸ் காமிராவாகத்தான் இருக்க வேண்டும். மேல் லென்ஸ் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் எடுப்பதற்கு. 120 ரோல் போட்டால் சதுரம் சதுரமாக 12 படம். உங்கள் கணக்கு அதனால்தான் பன்னிரண்டில் நிற்கிறது. கிணறு என்று எழுதியிருக்கிறீர்களே, அதைவிடப் பொருத்தமான உவமை கிடையாது. காமிராவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, மேல் மூடியைத் திறந்து, உள்ளே கண்ணாடியில் தெரிகிற பிம்பத்தைக் குனிந்து பார்க்க வேண்டும். அதிலும் இடது வலதாக, வலது இடதாகத் தெரியும். மணையில் உட்கார்ந்திருக்கிற இருவரை வயிற்று உயரத்திலிருந்து எடுக்க வேண்டுமானால் எடுப்பவரும் தரையில் உட்கார்ந்தாக வேண்டும். நின்றுகொண்டு எடுத்தால் மாப்பிள்ளையின் உச்சந்தலைதான் விழும். காமிரா அவரை உட்கார வைத்தது ஐயா.

அப்புறம் 35 எம்எம் காமிரா கல்யாண வீட்டுக்குள் வந்தது. கண்ணோடு ஒட்டிவைத்துப் பார்க்கிற காமிரா. வயிற்றில் இருந்தது கண்ணுக்கு ஏறியதும் ஆளும் எழுந்து நின்றுவிட்டான். நான் 1988-ல் மயிலாடுதுறையில் ஒரு ஸ்டுடியோவில் எடுபிடியாகச் சேர்ந்தபோது இந்த மாற்றம் முடிந்துவிட்டிருந்தது. என் முதலாளியின் யாஷிகா அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. சரஸ்வதி பூஜை அன்றைக்கு மட்டும் வெளியே எடுத்துப் பொட்டு வைப்பார்.

இரண்டாவது விஷயம் மேடை. இதை யாரும் பேசுவதில்லை. பந்தலில் கல்யாணம் நடந்தபோது மணவறையும் தரையில், சொந்தக்காரர்களும் தரையில். சுற்றி மூன்று பக்கமும் ஆட்கள். ஒரு பக்கம் போட்டோக்காரன் மறைத்தாலும் மற்ற இரண்டு பக்கமும் திறந்துதான் இருக்கும். மண்டபம் வந்து மணவறையை மூன்றடி உயரத்தில் ஏற்றி, நாடகம் மாதிரி ஒரே பக்கம் பார்க்க வைத்துவிட்டது. பின்னால் அலங்காரத் திரை. பார்க்கிறவர்கள், படமெடுக்கிறவர்கள் எல்லோரும் அந்த ஒரே பக்கத்துக்கு அடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற உங்கள் கண்ணும் மேடையில் மணையில் உட்கார்ந்திருக்கிற மணமக்களும் ஒரு கோட்டில் இருக்கிறீர்கள் என்றால், அந்தக் கோட்டின் குறுக்கே எங்கள் இடுப்பிலிருந்து தலை வரை.

பந்தல் என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. மணமக்களைக் கிழக்கு பார்த்து உட்கார வைக்க வேண்டும் என்று முதலில் சொன்னவர் யாரோ, அவர்தான் எங்கள் தொழிலின் முதல் லைட்மேன். காலை ஆறு, ஏழு மணி முகூர்த்தத்துக்குக் கிழக்கிலிருந்து வருகிற இளவெயில் நேராக முகத்தில் விழும். அதற்கு இணையான வெளிச்சத்தை நான் எந்த லைட் குடையை விரித்தும் கொண்டுவந்ததில்லை. மண்டபத்தில் ஏசிக்காக எல்லா ஜன்னலையும் அடைத்துவிட்டு, அந்த வெயிலை பல்பு வைத்துத் தயாரித்துக்கொண்டிருக்கிறோம்.

சரி, ஐந்து பேர் எப்படி வந்தார்கள்? என் காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். முதலில் போட்டோக்காரன் மட்டும். பிறகு வீடியோ கேசட் வந்தது. வீடியோ எடுப்பவரோடு ஆயிரம் வாட்ஸ் ஹாலஜன் விளக்கைத் தூக்கிப் பிடிக்கிற லைட்பாய் ஒருவன் வந்தான். அவன் கிட்டே வந்தாலே கல்யாணப் பெண்ணுக்கு வியர்த்து மை கரையும். அப்புறம் கேண்டிட் என்று ஒரு பிரிவு முளைத்தது, நிற்க வைக்காமல் ஆட்கள் இயல்பாக இருக்கும்போதே எடுப்பது. வழக்கமான படம் எடுப்பவன் தனி, கேண்டிட் எடுப்பவன் தனி. வீடியோவிலும் அதே மாதிரி இரண்டு. போதாததற்குப் பெண் வீட்டில் ஒரு குழு, மாப்பிள்ளை வீட்டில் ஒரு குழு என்று பேசிவிடுகிறார்கள். இரண்டு குழுவும் மேடையில்தான் முதல் தடவை முகம் பார்த்துக்கொள்ளும். ஒருவன் ஒதுங்கினால் இன்னொருவன் அந்த இடத்தைப் பிடிப்பான் என்பதால் ஒருவனும் ஒதுங்குவதில்லை. டவுன் பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்குத் துண்டு போடுகிற கதைதான்.

தூரத்தில் நின்று எடுக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். எடுக்கலாம். 70-200 லென்ஸ் போட்டால் பதினைந்து இருபது அடி தள்ளி நின்றே மணப்பெண்ணின் கண்ணில் தளும்புகிற நீரை எடுத்துவிடலாம். ஆனால் நான் பின்னால் போன மறு நொடி அந்த இடைவெளியில் நாலு பேர் போனைத் தூக்கிக்கொண்டு நுழைந்துவிடுகிறார்கள். அவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். "கொஞ்சம் நகருங்க சார்" என்று மாப்பிள்ளையின் சித்தப்பாவிடம் சொல்லிவிட்டு அந்தக் கல்யாணத்தில் நிம்மதியாகச் சாப்பிட முடியாது. அதனால்தான் முன்னாலேயே நிற்கிறோம். வேறு வழியில்லாமல் பாதி, பயந்துகொண்டு பாதி.

பயம் என்று சும்மா சொல்லவில்லை. தாலி கட்டுவதற்கு ஆகிற நேரம் 15, 20 நொடி. மாப்பிள்ளை குனிகிறார், பெண் தலை குனிகிறாள், இரண்டு மாலைகளும் முட்டிக்கொள்கின்றன. பின்னாலிருந்து நாத்தனார் கையை நீட்டுகிறார், விளக்கு பிடிக்கிறவர் குறுக்கே வருகிறார், எல்லாப் பக்கமிருந்தும் பூவும் அரிசியும் பறக்கின்றன. பிலிம் காலத்தில் இதில் இன்னொரு கண்டம் உண்டு. பிளாஷ் ஒரு தடவை அடித்தால் மறுபடி சார்ஜ் ஏற ஏழெட்டு நொடி ஆகும். பேட்டரி கொஞ்சம் இறங்கியிருந்தால் பத்துக்கு மேல். ஆக, மூன்று முடிச்சுக்கும் சேர்த்து எனக்குக் கிடைப்பது இரண்டு படம், அதிர்ஷ்டம் இருந்தால் மூன்று. இன்றைய காமிரா நொடிக்கு 10 படம் எடுக்கிறது, ஒரே படத்தை இரண்டு கார்டில் பதிந்துவைக்கிறது. இருந்தும் அந்த 20 நொடியில் எனக்கு இன்னும் உள்ளங்கை வேர்க்கிறது. அதற்குக் காரணம் 1994.

அந்த வருடம் வைகாசியில், குத்தாலம் பக்கம் ஒரு கிராமத்தில் கல்யாணம். நான் தனியாக எடுக்கப் போன மூன்றாவதோ நாலாவதோ கல்யாணம். கையில் பென்டாக்ஸ் கே1000. மாலை மாற்றி முடித்தபோது ரோலில் 28 ஓடியிருந்தது. தாலி கட்டும்போது ரோல் தீர்ந்துவிடக் கூடாது என்று அவசரமாக அதைச் சுற்றி எடுத்துவிட்டுப் புது ரோல் மாட்டினேன். இது எல்லோரும் செய்வதுதான். முகூர்த்தத்துக்குப் புது ரோல் என்பது எங்கள் சாஸ்திரம். கெட்டிமேளம் கொட்டியது. மூன்று படம் அடித்தேன். மூன்றும் கண்ணாரப் பார்த்து அடித்த படம். பிறகு அம்மி, அருந்ததி, பாத பூஜை, குரூப் போட்டோ.

36 படம் முடிந்தும் லீவர் நிற்கவில்லை. இழுத்தால் வந்துகொண்டே இருந்தது.

படம் எடுத்தவர்களுக்கு இந்த வரி போதும், வயிறு கலங்கிவிடும். உங்களுக்கு விளக்குகிறேன். ஒவ்வொரு படத்துக்கும் பிலிமை நகர்த்த இழுப்பதுதான் லீவர், ரோல் தீர்ந்தால் அது இழுபடாமல் நின்றுவிட வேண்டும். பிலிமின் நாக்கை எதிர்ப் பக்கத்து உருளையின் பிளவில் செருகி மாட்ட வேண்டும். சரியாக மாட்டியிருந்தால், லீவரை இழுக்கும்போது இடது பக்கத்தில் இருக்கிற திருகு தானாகச் சுற்றும். சுற்றுகிறதா என்று ஒரு கண் பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் வேலை. நான் அதைப் பார்க்கவில்லை. நாக்கு நழுவிவிட்டது. லீவர் நகர்ந்தது, ஷட்டர் சத்தம் கேட்டது, பிளாஷ் அடித்தது, எண் கூடிக்கொண்டே போனது. பிலிம் மட்டும் டப்பாவுக்குள் சுகமாகச் சுருண்டிருந்தது. நெல் மூட்டை அடுக்கியிருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு காமிராவைத் திறந்து பார்த்தேன். எண்ணெய்ப் பிசுக்கும் நெல் வாசனையும் சேர்ந்த அந்த அறை இன்றும் கனவில் வருகிறது.

அம்மியும் குரூப் போட்டோவும் திரும்ப எடுத்துவிட்டேன், ஏதோ சாக்குச் சொல்லி. தாலிக்கு என்ன செய்வது? தொழிலில் அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறோம். கட்டுகிற மாதிரி கையை வைத்துக்கொள்ளச் சொல்லி எடுப்பது. பெண்ணின் அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டு, மாப்பிள்ளையிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் சரி என்று எழுந்துவிட்டார். மூலையில் உட்கார்ந்திருந்த பெண்ணின் பாட்டி விடவில்லை. "கட்டின தாலியைக் கட்டுற மாதிரி நடிக்கிறதா? படம் இல்லாட்டி போகுது. அத்தனை பேரும் பார்த்தோமே, அது போதாதா?" என்றார்.

அந்த ஆல்பத்தில் மாலை மாற்றியதற்கு அடுத்த பக்கம் அம்மி மிதிப்பதுதான். பெண்ணின் அப்பா திட்டவில்லை. பேசிய பணத்தில் ஒரு ரோலுக்கான விலையை மட்டும் கழித்துக்கொண்டு மீதியை எண்ணிக் கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலை.

பாட்டி சொன்னதை ரொம்ப நாள் என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் எனக்காகச் சொல்லவில்லை. பார்த்தவர்கள்தான் சாட்சி, போட்டோ இல்லை என்கிற கட்சி அவருடையது. உங்கள் கடிதத்தைப் படித்தபோது அந்தக் கட்சிக்கு இன்னொரு ஆள் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டேன். இன்றைக்கு வந்தவர்கள் யாரும் முழுசாகப் பார்க்காத, ஆனால் எட்டு கோணத்தில் பதிவான தாலிகள்தான் நிறைய. இதில் என் பங்கும் இருக்கிறது.

4,000 படத்தை என்ன செய்வீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. ஆல்பத்தில் போவது 200, 250. மீதி ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கும். ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்கச் சொல்லி அனுப்பினால் ஆறு மாதம் பதில் வராது. வளைகாப்புக்குப் பேச வரும்போதுதான், "அண்ணா, அந்தக் கல்யாண ஆல்பம் என்னாச்சு?" என்பார்கள்.

ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு போன் வரும். வருடத்துக்கு நாலைந்து தடவையாவது வரும். "அண்ணா, அப்பா தவறிட்டாங்க. தங்கச்சி கல்யாணத்துல எடுத்த படம் ஏதாவது நல்லதா இருக்குமா?" பிளெக்ஸுக்கு வேண்டும், பேப்பருக்கு வேண்டும், மாலை போட்டு மாட்டுவதற்கு வேண்டும். எழுந்து உட்கார்ந்து தேடுவேன். மேடையில் பரிசு கொடுத்துவிட்டு விறைப்பாக நிற்கிற குரூப் போட்டோவில் அந்த முகம் கிடைக்காது. அதில் எல்லோரும் காமிராவுக்குப் பயந்தவர்கள். பந்தியில் இலைக்கு முன்னால், வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு, முதல் வரிசையில் வாயைப் பிளந்துகொண்டு மேடையைப் பார்க்கிற நொடியில்தான் அந்த மனிதர் அவராக இருப்பார். அந்தப் படங்கள் எல்லாம் நான் மேடைக்கு முதுகு காட்டிக்கொண்டு சபையைப் பார்த்து நின்றபோது எடுத்தவை.

அதனால் கெட்டிமேளத்தின்போது ஒரு உதவியாளைச் சபைப் பக்கம் திருப்பி நிறுத்துவது என் வழக்கம். சமீப வருடங்களில் அவன் எடுத்துவரும் படத்தில் முகமே இல்லை. வரிசை வரிசையாகத் தூக்கிய போன்கள். பின்னால் இருப்பது அத்தையா சித்தியா என்று வளையலைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் அன்று போனைத் தூக்காமல் கழுத்தை மட்டும் வளைத்துக்கொண்டு இருந்திருப்பீர்கள். அந்தக் குழுவில் ஒரு பையனாவது திரும்பியிருந்தால் அந்தப் படம் அவர்களிடம் இருக்கும். கேட்டு வாங்குங்கள். நம்பர்தான் மனப்பாடமாயிற்றே.

1994 கதைக்கு ஒரு வால் இருக்கிறது. 2024 ஆவணியில் ஒரு பெண் போன் செய்தாள். அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம், திருக்கடையூரில். பழைய ஆல்பத்தின் அட்டையில் இருந்த ஸ்டுடியோ ஸ்டிக்கரை வைத்துக்கொண்டு, மூடிப்போன ஸ்டுடியோவை விசாரித்து, அங்கிருந்து என்னைக் கண்டுபிடித்திருக்கிறாள். "அம்மா அவரையே கூப்பிடுன்னு சொல்லிட்டாங்க" என்றாள். குரோதி வருடத்தில் பிறந்தவர், 60 வருடம் சுற்றி மறுபடி குரோதி வந்திருக்கிறது. எனக்குக் குத்தாலம் நெல் அறையின் வாசனை அடித்தது.

திருக்கடையூர் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மார்க்கண்டேயனுக்காக எமனை உதைத்த ஊர் என்பதால் அறுபதுக்கும் எழுபதுக்கும் எண்பதுக்கும் அங்கேதான் கூட்டம். முகூர்த்த நாளில் எங்கே திரும்பினாலும் மாலையும் கழுத்துமாக வயதான மணமக்கள். ஒரு ஹோமத்தின் புகை அடுத்த ஹோமத்துக்காரர் கண்ணில். கலசத் தண்ணீரை மகனும் மகளும் மருமகனும் வரிசையாகத் தலையில் ஊற்றும்போது காமிராவுக்கும் பாதி அபிஷேகம் ஆகிவிடும். ஈரம் உலர்ந்து, புதுப்புடவை மாற்றி வந்த பிறகு தாலி. எனக்கு மிகப் பிடித்த வேலை இதுதான். இருபத்தைந்து வயதுக்காரர்கள் காமிராவைப் பார்த்துக்கொண்டு தாலி கட்டுவார்கள். அறுபது வயதுக்காரர் முடிச்சைப் பார்த்துக் கட்டுவார், அதுவும் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு.

இரண்டு காமிரா, ஒவ்வொன்றிலும் இரண்டு கார்டு, எல்லா பேட்டரியும் முழுசாக. முட்டி போட்டுத் தயாராக இருந்தேன். கெட்டிமேளம். விரலை அழுத்தினேன். அதே நொடியில் மருமகன் எனக்கு முன்னால் போனோடு வந்து நின்றார். நீலச் சட்டை. 40 படம் ஓடியிருந்தது. முப்பதில் நீலம். மீதியில் தாலி கட்டுகிறவர் கை தெரிகிறது, கண்ணாடி தெரிகிறது, முடிச்சு தெரியவில்லை.

அந்த அம்மா என் முகத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார். "இந்தத் தடவையும் போச்சா தம்பி?" என்று கேட்டுவிட்டு, மாலை குலுங்கச் சிரித்தார். மருமகனுக்கு ஒன்றும் புரியவில்லை. எதிர்ப் பக்கம் நின்ற வீடியோத் தம்பியிடம் காட்சி இருந்தது, அதிலிருந்து ஒரு படம் பிரித்துக் கொடுத்தேன். பெரிதாக்க முடியாத படம். ஆனால் அந்த அம்மா சிரிக்கிற படம் என்னிடம் ஏழு இருக்கிறது. ஏழும் தெளிவு.

அந்த நீலச் சட்டைக்குப் பின்னால் முட்டி போட்டிருந்தபோது எனக்கு வந்த எரிச்சல்தான் உங்களுக்குக் கும்பகோணத்தில் வந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது. வித்தியாசம், எனக்கு அதற்குச் சம்பளம் உண்டு.

அதற்குப் பிறகு இரண்டு விஷயம் மாற்றியிருக்கிறேன். வேலையை ஒப்புக்கொள்ளும்போதே வீட்டில் வயதானவர்கள் எந்தப் பக்கம் உட்காருவார்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். முகூர்த்தத்துக்கு என் ஆட்கள் எல்லோரும் அதற்கு எதிர்ப் பக்கம். மற்றது, புதுக் காமிராக்களில் பின்பக்கத் திரையை மேல்நோக்கித் திருப்பிக்கொள்ளலாம். தரையில் உட்கார்ந்து, காமிராவை வயிற்றோடு வைத்து, குனிந்து பார்த்து எடுக்கலாம். உங்கள் 1975 மனிதர் மாதிரியே. என் உதவியாள் பையன் இதை ஏதோ புது வித்தை என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். எல்லாக் குழுவும் இப்படிச் செய்யும் என்று உங்களுக்கு உறுதி கொடுக்க முடியாது. மாப்பிள்ளை வீட்டுக் குழு நின்றுகொண்டிருந்தால் நான் உட்கார்ந்து என் படமும் போய்விடும் என்கிற நாள்களும் உண்டு. அன்றைக்கு நானும் எழுந்துவிடுகிறேன், மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அதனால் அடுத்த கல்யாணத்துக்கு ஒரு யோசனை. முதல் வரிசை வேண்டாம். நாதஸ்வரக்காரர்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள், மேடைக்குப் பக்கவாட்டில் இருப்பார்கள். தவில்காரருக்கு ஐயரின் கை தெரிந்தாக வேண்டும். விரலை ஆட்டிய நொடியில் கெட்டிமேளம் விழாவிட்டால், எவனாவது தும்மினது சபை முழுக்கக் கேட்டுவிடும். அதனால் அந்தப் பக்கத்தை மட்டும் எங்களில் எவனும் மறைப்பதில்லை. நான் ஒரு தடவை மறைத்தேன். தவில்காரர் குச்சியால் என் இடுப்பில் தட்டியே நகர்த்தினார்.

அவர் பக்கத்தில் ஒரு நாற்காலி போடச் சொல்லுங்கள். தாலி நன்றாகத் தெரியும். காதில் மட்டும் கொஞ்சம் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள்.

பி.கு: ஒற்றுப்பிழைகள் எந்தெந்த இடத்தில் என்று எழுதி அனுப்புங்கள். திருத்திவிடுகிறேன்.